மழை நாள் அட்டவணை

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒருத்தி மேல் பொறாமை வந்தது. அதற்குப் போட்டி மனப்பான்மை, தன்முனைப்பு என்றெல்லாம் மரியாதையான பெயர்கள் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவளைப் பார்த்தால் வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி இருந்தது. நான் வடசேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவள் விடுதியில் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்னோடு வடசேரி வரை வந்து, அங்கிருந்து குலசேகரம் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து பேச்சிப்பாறைப் பக்கம் மலையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவாள். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஜன்னலோர இடத்தை எனக்கே விட்டுத் தருவாள். அதுகூட எனக்குப் பிடிக்காது. நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே என்று இருக்கும்.

எங்கள் துறை கல்வியையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்கிற துறை. அதில் என்னைவிடப் பொருத்தமானவள் யாரும் இருக்க முடியாது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் அம்மாவின் அப்பா, அம்மா, அம்மாவின் இரண்டு அக்காமார் எல்லாரும் ஆசிரியர்கள். திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் படித்து, சபைப் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்த்து, சபை மண்டபத்திலேயே பிரிவு உபசாரம் வாங்கியவர்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி வெளியாள் யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது எங்கள் வீட்டில் பேசாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

அவள் பேசினால் வகுப்பு சிரிக்கும். தண்ணீரை வெள்ளம் என்பாள். பயமாக இருக்கிறது என்பதற்குப் பேடியா இருக்கு என்பாள். பேராசிரியரிடமே ஒருமுறை, சொல்லட்டுமா என்பதற்கு, "நான் ஒரு காரியம் பறையட்டா மேடம்?" என்று கேட்டு வகுப்பையே குலுங்க வைத்தாள். நானும் சிரித்தேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் வளர்ப்பு அப்படி. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள்.

மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் மேடம் எங்களைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். அவருக்குக் கீழே முனைவர் பட்டம் செய்ய ஒரே ஓர் இடம் காலியாகிறது. ஆய்வேடுகளைக் கருத்தரங்கில் வைத்துப் பார்த்து, வெளியிலிருந்து வரும் பேராசிரியரும் தானுமாகச் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்போம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அம்மா நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள். "மகளுக்கு பிஎச்.டி சீட் ஆயிரும் போல." போல என்ற சொல்லை அவள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். அடுத்த வாரம் சபையில் பாதிப் பேர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த இடம் கிடைக்காமல் போவது என்பது வெறும் இடம் போவது இல்லை.

நான் எடுத்த தலைப்பு நகரப் பள்ளி மாணவியரின் வாசிப்புப் பழக்கமும் தாயாரின் கல்வியும். நாற்பது கேள்விகள் கொண்ட படிவம், இருநூறு மாணவிகள். எல்லாப் படிவமும் மடங்காமல் கசங்காமல் திரும்பி வந்தது. எல்லாரும் வாசிப்பை நேசிப்பதாக எழுதியிருந்தார்கள். எல்லாருடைய தாயாரும் ஊக்கம் தருகிறார்களாம். கட்டை மேடம் மேசையில் கொண்டு வைத்தேன். நான்கு தாளைப் புரட்டிவிட்டு, "நீட்டா இருக்கு" என்றார். பிறகு அவள் நோட்டை எடுத்தார். மலை மழையில் நனைந்து காய்ந்த நோட்டு, பக்கமெல்லாம் அலையலையாக இருந்தது. நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். டீ வந்தது. கண்ணை எடுக்காமலே டம்ளரை வாங்கி, வைக்க இடம் தேடி, என் படிவக் கட்டின் மேல் வைத்தார். மேல் தாளில் ஒரு வட்டக் கறை விழுந்தது. அந்த மாணவியும் வாசிப்பை மிகவும் நேசித்தவள்தான்.

அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. ரப்பர் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் ஏன் அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை என்பது அவள் ஆய்வு. ஒரு சனிக்கிழமை, உதவிக்கு வருகிறேன் என்று சொல்லி நானே ஒட்டிக்கொண்டேன். அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

"ஒறப்பா வாறியா மக்கா? எங்க ஊரு ரோடு உனக்குப் பிடிக்காது கேட்டியா. அட்டை வேற கடிக்கும்."

ரப்பர் மரங்களுக்கு நடுவே வரிசையாக வீடுகள். முதல் வீட்டில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் கைக்குழந்தையோடு அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வேகிறதா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மை எங்கே என்று என்னைக் கூட்டிப்போனவள் கேட்டதற்கு, காட்டுக்குப் போயிருக்கா, இப்போ வந்துருவா என்றாள் பிள்ளை. நாங்கள் காத்திருந்தோம். உச்சிவேளைக்கு அந்த அம்மா வந்தாள். விடியுமுன்னே போய் மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிவிட்டு, சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, கொண்டுபோய் அளந்து கொடுத்துவிட்டு வருகிறாள். கை முழுக்கக் காய்ந்த ரப்பர் பால் தோலாக உரிந்தது. வந்ததும் முதல் வேலையாக மகள் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை உடம்பை நெளித்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

இதையெல்லாம் நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்து என்ன? என் கவனம் முழுக்க அவள் எப்போது கேள்வித்தாளை எடுப்பாள் என்பதில் இருந்தது. அவள் எடுக்கவே இல்லை.

"இந்தப் பிள்ள யாருட்டீ?" என்று அந்த அம்மா என்னைக் காட்டிக் கேட்டாள்.

"எனக்க கூட்டுக்காரி. நாகர்கோவிலு."

"டவுண் பிள்ளையா? கட்டஞ்சாயா குடிப்பியா மக்கா? பால் இல்ல."

நான் குடிப்பேன் என்று சொல்லி, தொண்டையைச் சரி செய்துகொண்டு, என்னுடைய படிவத்தில் உள்ள ஒரு கேள்வியைக் கேட்டேன். தங்கள் குழந்தையின் கல்வி குறித்துத் தங்கள் மனப்பான்மை என்ன? அந்த அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். கூட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "முந்தாநேத்து பிள்ள ஸ்கூலுக்குப் போச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அந்த அம்மா ஒரு மணி நேரம் பேசினாள். எனக்கு அந்த வட்டார மொழியில் பாதிதான் விளங்கியது. வகுப்பில் நாங்கள் சிரித்த அதே பேச்சு இங்கே கதவு கதவாகத் திறந்துகொண்டு போகிறது. திரும்பும்போது குலசேகரம் வரை வழியனுப்ப அவளும் பஸ்ஸில் வந்தாள்; நான் தூங்குவது போல நடித்தேன். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது தட்டச்சு செய்த பக்கங்களைக் கொண்டுவந்து நூலகத்தில் என் முன் வைத்தாள்.

"நீ ஒண்ணு நோக்கித் தா மக்கா. எழுத்துப் பிழை உன் கண்ணுக்குத்தான் தப்பாது."

நோக்கினேன். பிழை தேடுகிற வேலை என்றால் எனக்கு அன்று சொல்ல வேண்டுமா! ஆனால் ஒற்றுப் பிழை இரண்டைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கத்தில்தான் அது இருந்தது. ஓர் அட்டவணை. மழை நாள், மழையில்லா நாள் என்று பிரித்து, தோட்டத்துப் பிள்ளைகளின் காலை வருகையைப் போட்டிருந்தாள். மழை நாட்களில் வருகை கூடுதல். மழையில்லா நாட்களில் குறைவு. இரண்டு தலைப்பையும் இடம் மாற்றி அடித்துவிட்டாள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"இந்த டேபிள எடுத்துக் களைஞ்சிரட்டா?" என்று அவளே கேட்டாள். "பாத்தா தப்பு மாதிரி இருக்கும். கேப்பாவ. கேட்டா சொல்லணும். சொல்லதுக்கு எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

என்ன சொல்ல வேண்டும், ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தாள்களைப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு உறுதி வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், மழை பெய்தால் பள்ளிக்குப் பிள்ளைகள் கூடுதலாக வருமா என்று கேட்டேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மழையில எந்த ஊர்ப் பிள்ள வரும்? நான் முப்பத்தொரு வருசம் அட்டெண்டன்ஸ் எடுத்தவ. மழை நாளைக்குப் பாதி பெஞ்சு காலியாத்தான் கெடக்கும். யாருட்டீ இப்படிச் சொன்னது?"

"ஒரு பிள்ள தப்பா எழுதிட்டு."

"சொல்லிக் குடு அதுக்கு. பாவம்லா."

மறுநாள் அவளிடம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். ஒற்றுப் பிழை இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன். "அந்த டேபிள் சரிதான். எடுக்காதே" என்றேன். அதோடு விட்டிருந்தாலாவது கொஞ்சம் மனுஷியாக இருந்திருப்பேன். "கடைசியில கொண்டு ஒளிச்சு வைக்காம, முதல்லயே வை" என்றும் சொன்னேன். அது மூடிக் கிடந்தால் யார் கண்ணிலும் படாமல் போய்விடுமே என்ற கவலை எனக்கு.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சொரசொரப்பாக இருந்தது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கருத்தரங்கு அன்று நான் முதலில் பேசினேன். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் வயதானவர்; ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் பார்க்கிற ஆள். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "இருநூறு பேரில் ஒருத்திக்குக்கூட வாசிக்கப் பிடிக்காதா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்லி உட்கார்ந்தேன். பரவாயில்லை, எனக்கு ஓர் உரசல் என்றால் அவளுக்கு வெட்டுக்காயமே காத்திருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அவள் எழுந்து திரையில் முதல் படத்தைப் போட்டாள். அந்த அட்டவணைதான். பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரு நிமிஷம் அம்மா. டேபிளைத் தலைகீழாப் போட்டுட்டீங்களா? மழை பெஞ்சா பிள்ளைங்க வீட்டுலல்ல இருக்கும்?"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். முகத்தை யாரும் பார்க்கக் கூடாதே.

நிமிர்ந்தபோது அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் முகத்தில் கவலை தெரிந்தது. பிறகு அவள் பேசத் தொடங்கினாள். எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்கவில்லை. எங்களைச் சிரிக்க வைத்த அதே பேச்சுதான் வந்தது.

"தலைகீழ் இல்ல சார். எனக்க அம்மைக்குப் பால் வெட்டுதான் வேலை. விடியதுக்கு முன்ன காட்டுக்குப் போனா, வெட்டி, பால் எடுத்து, அளந்து குடுத்துட்டு வர மத்தியானம் ஆவும். நான் மூத்தவ. தம்பி கைப்பிள்ள. அவனைப் பாக்க வேற ஆளில்ல. மழ பெஞ்சா மரத்துல வெள்ளம் ஒழுகும், வெட்ட முடியாது. அம்மை வீட்டுல இருப்பா. ஆறாங்கிளாஸ்ல மழ பெஞ்ச நாளைக்குத்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன். இப்பவும் அங்க அப்படித்தான். தோட்டத்துல பால் அளக்க இடத்துல ஒரு நோட்டு உண்டு. பால் வராத நாளெல்லாம் அதுல இருக்கும். கலெக்டர் லீவு விட்ட நாளைத் தள்ளிட்டு, மிச்ச நாளை ஸ்கூல் ரெஜிஸ்டரோட சேத்து வச்சுப் பாத்தேன்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த அரை மணி நேரம் அவர் கேள்வி கேட்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். எந்த வயதுப் பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், தோட்டத்தில் கைக்குழந்தைகளுக்கு ஓர் இடம் இருந்தால் இது மாறுமா. நான் அந்தச் சனிக்கிழமை பார்த்த பெண்பிள்ளையை நினைத்தேன். அம்மா வந்ததும் குழந்தையைக் கொடுத்துவிட்டு உடம்பை நெளித்தாளே, அவள். அன்று அந்த வீட்டில் கட்டஞ்சாயா குடித்தவர்கள் இரண்டு பேர். விஷயம் எங்கள் இரண்டு பேர் கண் முன்னாலும்தான் நடந்தது. முப்பத்தொரு வருசம் அட்டெண்டன்ஸ் எடுத்த அம்மாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடம் அவளுக்குப் போனது. சபையில் அம்மா இரண்டு வாரம் பின் வாசல் வழியாக வந்தாள்.

வைவா முடிந்து அவள் ஆய்வேடு கறுப்பு அட்டை போட்டு வந்தபோது எனக்கு ஒரு பிரதி தந்தாள். நன்றியுரையில் மேடம், அம்மை, தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் பிறகு ஒரு வரி இருந்தது. மழை நாள் அட்டவணையை நீக்கிவிட நினைத்தபோது, அது சரி என்று உறுதி சொல்லி அதை முதலில் வைக்கச் சொன்ன தோழிக்கு. நான் அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை வடசேரி பஸ் நிலையத்தில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தாள். அவள் அம்மா எனக்கென்று வறுத்துக் கொடுத்துவிட்ட நேந்திரங்காய் சிப்ஸ். குலசேகரம் பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிப் போய்விட்டாள். சிப்ஸை நான் பஸ் நிலையத்திலேயே நின்று பாதி தின்றேன். நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு நான் பி.எட். முடித்து, தேர்வு எழுதி, ஆசிரியை ஆனேன். போன வருடம் மாற்றலில் எனக்கு வந்த பள்ளி, வேறெங்கும் இல்லை, பேச்சிப்பாறைப் பக்கத்து மலையில். அவள் இப்போது ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். அவள் எழுதிய கட்டுரைகள் வெளியானால் எனக்கு அனுப்புவாள். நன்றாக இருக்கிறது என்று பதில் போடுவேன். முழுதாகப் படிக்கிறதில்லை, படித்தால் அன்று தூக்கம் போகும்.

நான் அங்கே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஐப்பசியில் ஒரு நாள். முந்தின ராத்திரி தொடங்கிய மழை விடியும்வரை விடவில்லை. விடுமுறை அறிவிப்பு வரவில்லை. எந்தப் பிள்ளை வரப் போகிறது என்று நான் குடையைப் பிடித்து மெதுவாகப் போனேன். ஆய்வேட்டை அலமாரியில் வைத்திருக்கிறவள், நன்றியுரையில் இடம் பிடித்தவள், அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். வகுப்புக்குள் நுழைந்தால் பெஞ்சு நிறைந்து கிடந்தது. கடைசி வரிசையில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அதில் ஒருத்தி முன் பெஞ்சுக்காரியின் நோட்டை வாங்கி வைத்து, விட்டுப்போன பாடத்தையெல்லாம் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், நாளைக்கும் மழ பெய்யுமா?"

இடைவேளையில் வராந்தாவில் நின்று அந்த அட்டவணைக்காரிக்குப் போன் போட்டேன். மழை பெய்கிறது, வகுப்பு நிறைந்திருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள்.

"நான் வருசா வருசம் எனக்க கிளாஸ் பிள்ளைகளுக்கு உன்னப் பத்திச் சொல்லுவேன் மக்கா. தப்பு மாதிரி தெரியத எடுத்துக் களையாதே, அதை முதல்ல வைன்னு எனக்கு ஒருத்தி பறைஞ்சு தந்தான்னு."

என் கயமையை அவள் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறாள். நோட்டில் யாரோ எழுதியெடுக்கிறார்கள்.

"நான் அதுக்காகச் சொல்லல்லட்டீ" என்றேன். "அது தப்புன்னு நினைச்சேன். நீ எல்லாருக்க முன்னாலயும் மூக்கறுபட்டு நிக்கணும்னுதான் சரின்னு சொன்னேன். முதல்ல வைக்கச் சொன்னதும் அதுக்குத்தான்."

பள்ளிக்கூடத்துக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தேன்.

"எத்தன பிள்ள வந்திருக்கு?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

அந்த நேரத்திலும் அவளுக்குத்தான் சரியான கேள்வி வருகிறது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு தலையாகப் பார்த்து எண்ணினேன்.

"முப்பத்திநாலு" என்றேன். "ஒண்ணு கூடக் குறையல்ல."